தோற்றவன் வழக்கா? வாக்காளன் வழக்கு!

வென்றவர் மாலையணிந்து வீதிவலம் வருகிறார். தோற்றவர் மனு எழுதிக்கொண்டு மன்றத்தின் படியேறுகிறார். ஊரார் நகைக்கின்றனர். ஆடத் தெரியாதவர் கூடம் கோணல் என்றாராம் என்று பழமொழி பேசுகின்றனர். கேட்கச் சுவையாகத்தான் இருக்கிறது. ஆனால், தோழர்களே! கூடம் உண்மையிலேயே கோணலாக இருந்துவிட்டால் என் செய்வது?

அளந்து பாராமலே ‘கோணல்’ என்று கூவுவது அறியாமை. அளந்து பாராமலே ‘நேர்’ என்று சாதிப்பதும் அறியாமையே. முன்னது ஐயத்தைக் கும்பிடுகிறது. பின்னது வெற்றியைக் கும்பிடுகிறது. கும்பிடுவதை விடு, அளவுகோலை எடு என்பதுதானே பகுத்தறிவு? தமிழில் எண்ணுதல் என்னும் ஒரே சொல் கணக்கிடுவதையும் குறிக்கிறது, சிந்திப்பதையும் குறிக்கிறது. வாக்கை எண்ணுவது முதற்பொருள். எண்ணியது சரிதானா என்று எண்ணிப் பார்ப்பது மறுபொருள். இரண்டுக்கும் இடமுள்ள நாட்டில்தான் மக்களாட்சி இருக்கிறது என்று சொல்லலாம்.

சட்டமன்றத் தேர்தலில் முறைகேடு நடந்தது என ஒருவர் சொன்னால், அதை அளந்து பார்க்க வேண்டியவர் யார்? எந்தக் கோலால் அளப்பது? எத்தனை நாளில் அளந்து முடிப்பது? சட்டப் புத்தகத்துக் கேள்விகள்போலத் தோன்றும் இம்மூன்றும் உண்மையில் அறத்தின் கேள்விகள். ஆகவே அவற்றை வழக்கறிஞரிடம் மட்டும் விட்டுவிடாமல் நாமும் ஆராய்வோம்.

முதற் கேள்விக்கான விடையை, ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை நீண்டு கிடக்கும் ஆலைகளில் வேலை செய்யும் இளைஞரைக் கேட்டால் உடனே சொல்லிவிடுவர். இருங்காட்டுக்கோட்டையில் கார் செய்கின்றனர். ஒரகடத்தில் கார் செய்கின்றனர். வல்லம் வடகாலில் உதிரிப் பாகம் செய்கின்றனர். எங்கு செய்தாலும், கடைந்தவனே கடைசிச் சான்று தருவதில்லை. தரம் பார்க்கும் பிரிவு தனி; அளக்கும் கருவி தனி; ஒப்பமிடும் கை தனி. கடைந்தவன் கள்ளன் என்பதால் அன்று. எவனுக்கும் தன் கைவேலையின் குறை கண்ணுக்குப் படாது என்பதால். ஓர் இரும்புத் துண்டுக்கே இந்த நெறி தேவைப்படுமானால், ஒரு நாட்டின் சட்டத்தைச் செய்யும் உறுப்பினருக்குத் தேவையில்லையா?

நமக்காகப் பேச யாருக்கு உரிமை என்னும் கேள்வியும் அந்த வட்டாரத்துக்குப் புதிதன்று. 2024 ஆம் ஆண்டு செப்டம்பர், அக்டோபர் திங்களில் ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் ஆலைத் தொழிலாளர் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தனர். தங்கள் சங்கத்தை ஏற்க வேண்டும் என்பது அவர்களின் தலையாய கோரிக்கைகளுள் ஒன்று. தன் பெயரால் பேசுபவன் தான் தேர்ந்தவனாக இருக்க வேண்டும் என்ற உணர்வு, ஆலைவாயிலில் எழுந்தாலும் வாக்குச்சாவடியில் எழுந்தாலும் ஒரே உணர்வுதான்.

அதே காஞ்சி மாவட்டத்தில் உத்திரமேரூர் இருக்கிறது. ‘குடவோலை கண்ட நாடு! ஆயிரம் ஆண்டுகட்கு முன்பே தேர்தல் கண்ட மண்!’ என்று மேடைதோறும் பெருமை முழக்கம் கேட்கிறது. கல்வெட்டு உண்டு, பராந்தக சோழன் காலத்தது, கி.பி. 919, 921 ஆம் ஆண்டுகளில் வெட்டப்பட்டது. பெருமை பேசுவோர் அதை முழுக்கப் படித்துக் காட்டுவதில்லை. நாம் படிப்போம். இறை செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும். வேதம் கற்றிருக்க வேண்டும். 35 வயதுக்கு மேல், 70 வயதுக்குள் இருக்க வேண்டும். அது சதுர்வேதிமங்கலத்துச் சபை. உழுதவன் ஓலையில் இல்லை. பெண் ஓலையில் இல்லை. ஊருக்கு வெளியே குடிவைக்கப்பட்டவன் ஓலையில் இல்லவே இல்லை. நிலமுள்ள சிலர் தமக்குள் குலுக்கிக்கொண்டதை மக்களாட்சி என்று பாடினால், விலக்கி வைக்கப்பட்டவரின் வழிவந்தவர் எப்படித் தாளம் போடுவர்?

எனினும், தள்ளுவதைத் தள்ளி, கொள்ளுவதைக் கொள்வதே நம் முறை. அக்கல்வெட்டில் கொள்ளத்தக்கவை இரண்டு உண்டு. பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவன் பெயரும், அவன் உறவினர் பெயரும் குடத்தில் இடப்படலாகாது என்பது ஒன்று. குடத்திலிருந்து ஒரு சிறுவன் எடுத்துத் தரும் ஓலையை வாங்கும் மத்தியஸ்தன், ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் ஏந்திக்கொள்ள வேண்டும் என்பது மற்றொன்று. விரல் மடங்கினால் வேறோர் ஓலை உள்ளே ஒளிந்திருக்கலாம் அல்லவா? நாணயமானவன் என்று நம்பி விட்டுவிடவில்லை. கையை விரித்துக் காட்டச் சொன்னார்கள். நம்பிக்கைக்கு மாற்றாகச் சரிபார்ப்பை வைத்த அந்த ஒரு வரி, இன்றைக்கும் நமக்குத் தேவை.

ஆனால் முறைகேடு நடந்தால் வெளியார் ஒருவரிடம் சென்று முறையிடும் வழியை அக்கல்வெட்டு வகுத்ததாகத் தெரியவில்லை. இதே நோய்தான் ‘மக்களாட்சியின் தாய்’ என்று புகழப்படும் ஆங்கில நாட்டையும் நெடுங்காலம் பிடித்திருந்தது. அங்கே தேர்தல் தகராறுகளைக் காமன்ஸ் சபையே தீர்த்துவந்தது. எப்படித் தீர்த்தது? கட்சிப் பெரும்பான்மையால் தீர்த்தது! சான்றைப் பார்த்துக் கை தூக்கவில்லை. சட்டையைப் பார்த்துக் கை தூக்கினார்கள். 1770 ஆம் ஆண்டு கிரென்வில் என்பவர் கொண்டுவந்த சட்டம், சீட்டுக் குலுக்கி எடுத்த உறுப்பினர் குழுவிடம் விசாரணையை ஒப்படைத்தது. அதுவும் போதவில்லை. 1868 ஆம் ஆண்டில்தான் பாராளுமன்றம் அவ்வதிகாரத்தைத் தன் கையிலிருந்து விடுத்து, நீதிபதிகளிடம் தந்தது. தன் வழக்கில் தானே நடுவனாக இருக்கலாகாது என்னும் எளிய அறத்தை ஒப்புக்கொள்ள ஆளும் கூட்டத்துக்கு இத்தனை காலம் பிடித்தது.

நம் அரசியல் சட்டம் இந்தப் பாடத்தைத் தொடக்கத்திலேயே கற்றுக்கொண்டது. அதன் 329 ஆம் பிரிவு, சட்டமன்ற, பாராளுமன்றத் தேர்தல் எதையும் தேர்தல் மனு ஒன்றின் மூலம் மட்டுமே எதிர்க்கலாம். அதுவும் சட்டம் குறிக்கும் அமைப்பின் முன் மட்டுமே எதிர்க்கலாம் என்கிறது. 1951 ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் அவ்வமைப்பை உண்டாக்கியது. அதற்குப் பெயர் தேர்தல் தீர்ப்பாயம். மக்கள் வழக்கில் டிரிபியூனல். தேர்தல் ஆணையம் ஒவ்வொரு மனுவுக்கும் மூவர் கொண்ட தீர்ப்பாயத்தை அமைத்தது. 1956 ஆம் ஆண்டுத் திருத்தம் மூவரை ஒருவராக்கி, உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீட்டுக்கு வழி செய்தது. 1966 ஆம் ஆண்டு, அரசியல் சட்டத்தின் 19 ஆம் திருத்தத்தோடு தீர்ப்பாயங்கள் மறைந்தன. விசாரணை நேரே உயர் நீதிமன்றத்துக்குச் சென்றது. பெயர் போயிற்றே ஒழியத் தொழில் போகவில்லை. தேர்தல் மனுவை விசாரிக்கும் உயர் நீதிமன்ற நீதிபதி, இன்றும் அந்தத் தனித் தீர்ப்பாயத்தின் வேலையையே செய்கிறார்.

இந்த ஏற்பாட்டின் அடிப்படையை உரைத்துப் பார்த்த முதல் பெருவழக்கு நம் தமிழ் மண்ணிலிருந்துதான் போயிற்று. முதற் பொதுத் தேர்தலில் நாமக்கல் தொகுதியில் சென்னைச் சட்டமன்றத்துக்கு நிற்க விரும்பிய பொன்னுசாமியின் வேட்புமனுவைத் தேர்தல் அலுவலர் தள்ளிவிட்டார். ‘தள்ளியது தவறு, தேர்தலுக்கு முன்பே திருத்துங்கள்’ என்று அவர் உயர் நீதிமன்றம் சென்றார், பின் உச்ச நீதிமன்றம் சென்றார். 1952 ஆம் ஆண்டு ஜனவரி 21 ஆம் நாள் உச்ச நீதிமன்றம் விடை தந்தது. தேர்தல் என்பது அறிவிப்பு முதல் முடிவு வரை ஒரே தொடர் நிகழ்ச்சி. நடுவில் நிறுத்தி வழக்காட முடியாது. குறை இருப்பின் எல்லாம் முடிந்த பின் தீர்ப்பாயத்தில் கேட்டுக்கொள்க என்பது அதன் சாரம். காரணம் என்ன? சட்டமன்றம் காலத்தில் அமைய வேண்டும். வழக்குகளால் தேர்தல் தாமதமாகக் கூடாது என்பதே.

இதனை நாம் ஓர் உடன்படிக்கை என்கிறோம். குடிமகனிடம் அரசு சொல்கிறது: ‘இப்போது வாய் மூடு, பின்னர்ச் செவி சாய்க்கிறேன்.’ குடிமகன் ஒப்புகிறான். தாமதம் கூடாது என்பதற்காகத் தன் உடனடி உரிமையை விட்டுக்கொடுக்கிறான். இந்த உடன்படிக்கையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இதன் மற்றொரு பாதி என்னவாயிற்று என்று பிறகு கணக்குக் கேட்போம்.

அதற்கு முன் ஒரு தடையை விலக்க வேண்டும். ‘ஓர் இலட்சம் பேர் தேர்ந்ததை ஒற்றை நீதிபதி தள்ளிவிடுவதா? இது மக்களாட்சியா, மன்னராட்சியா?’ என்று கேட்போர் உண்டு. கேள்வி கூரியது, ஒதுக்கிவிடத் தக்கதன்று. ஆனால் நீதிபதி எதைத் தீர்மானிக்கிறார் என்று பாருங்கள். யார் நல்லவர் என்றோ, எக்கட்சி உயர்ந்தது என்றோ அவர் தீர்மானிப்பதில்லை. இலட்சம் பேர் உண்மையில் என்ன சொன்னார்கள், அதைத் தடையின்றிச் சொல்ல விடப்பட்டார்களா என்பதை மட்டுமே ஆராய்கிறார். தகுதியில்லாதவர் நின்றாரா? கையூட்டுத் தந்தாரா? மதத்தையும் சாதியையும் காட்டி வாக்குக் கேட்டாரா? அரசு ஊழியரை ஏவினாரா? வேட்புமனு ஒன்று முறையின்றித் தள்ளப்பட்டதா? செல்லும் வாக்கு செல்லாதென்றும், செல்லாத வாக்கு செல்லுமென்றும் கொள்ளப்பட்டு முடிவே மாறிப்போயிற்றா? இவையே சட்டத்தின் 100 ஆம் பிரிவு கேட்கும் கேள்விகள்.

அப்படிக் குறை கண்டபின்னும் நீதிபதி தமக்குப் பிடித்தவரை அமர்த்திவிட முடியாது. செல்லும் வாக்குகளில் மிகுதி பெற்றவர் வேறொருவர் என்று மெய்ப்பிக்கப்பட்டால், அல்லது முறைகேட்டால் பெற்ற வாக்குகளைக் கழித்தால் அவரே வென்றிருப்பார் என்று தெரிந்தால் மட்டுமே அவரை வென்றவராக அறிவிக்கலாம். இல்லையேல் தேர்தல் செல்லாது. மக்களிடமே மீண்டும் போக வேண்டும். கேரளத்துப் பரூர்த் தொகுதியில் 1982 ஆம் ஆண்டு இதனைக் கண்டோம். அங்கே 50 வாக்குச்சாவடிகளில் முதன்முதலாக மின்னணுப் பொறி வைத்து வாக்கு வாங்கினர். 123 வாக்கில் சிவன் பிள்ளை வென்றார். தோற்ற ஜோஸ் வழக்காடினார். சட்டம் அன்று பொறிக்கு இடம் தரவில்லை என்று கண்ட உச்ச நீதிமன்றம், 1984 ஆம் ஆண்டு அந்த 50 சாவடிகளுக்கும் மறுவாக்குப்பதிவு கட்டளையிட்டது. மக்கள் மீண்டும் வாக்களித்தனர், முடிவு மாறிற்று. மாற்றியவர் யார்? மக்கள்! நீதிமன்றம் கதவைத்தான் திறந்தது.

இனித் தலைப்புக்கு வருவோம். இது தோற்றவன் வழக்கா? சட்டமே இல்லை என்கிறது. தேர்தல் மனுவை வேட்பாளர் மட்டுமல்ல, அத்தொகுதியின் வாக்காளர் எவரும் 45 நாளுக்குள் தரலாம். தந்த மனுவை மனுதாரர் நினைத்தபடி திரும்பப் பெற முடியாது. நீதிமன்றத்தின் ஒப்புதல் வேண்டும். பேரம் பேசி விலகுவதாகத் தெரிந்தால் ஒப்புதல் கிடையாது. விலகினாலும் அச்செய்தி அரசிதழில் வெளியிடப்பட வேண்டும். அதைக் கண்டு தகுதியுள்ள வேறொருவர் வந்து அவ்வழக்கைத் தொடரலாம். மனுதாரர் இறந்தால்கூடப் பிறர் தொடர வழியுண்டு. நிலத் தகராறில் இப்படி உண்டா? கடன் வழக்கில் உண்டா? வாதியும் பிரதிவாதியும் கைகுலுக்கினால் அங்கே வழக்கு முடிந்தது. இங்கே முடிவதில்லை. ஏன்? திருடு போனதாகச் சொல்லப்படும் பொருள் வேட்பாளரின் பொருளன்று. வரிசையில் நின்று மையிட்டுக்கொண்ட ஒவ்வொருவரின் பொருள்! தோற்றவர் வெறும் சாட்சி, வாக்காளனே வழக்காளி.

வாக்காளன் வழக்கு என்பதாலேயே, எந்தக் கோலால் அளப்பது என்ற இரண்டாம் கேள்வியும் கடுமையாகிறது. வாய்ச்சொல் போதாது. எந்தச் சாவடியில், எந்த நாளில், யார், என்ன செய்தார் என்று மனுவிலேயே குறிப்பிட வேண்டும். வாக்குச் சீட்டுகளைத் திறந்து காட்டுங்கள், ஏதாவது அகப்படுமா பார்க்கிறேன் என்று மீன்பிடிக்க வருபவருக்கு இடமில்லை என 1964 ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் ராம் சேவக் யாதவ் வழக்கில் சொல்லிவிட்டது. ஊழல் நடத்தை என்று குற்றஞ்சாட்டினால், குற்றவியல் வழக்கை ஒத்த உறுதியான சான்று கேட்கப்படுகிறது.

இது நம் இளைஞருக்கு எரிச்சலூட்டலாம். ஊட்டக்கூடாது என்கிறோம். பேயைப் பார்த்தேன் என்பவனிடம் நாம் என்ன கேட்கிறோம்? எங்கே, எப்போது, சான்று எது என்று கேட்கிறோம். சாமி வந்தது என்பவனிடமும் அதையே கேட்கிறோம். அப்படியிருக்க, நம் கட்சி தோற்ற மறுநாள் காலையில் மட்டும் ‘எல்லாம் மோசடி’ என்ற சொல்லைச் சான்றின்றி நம்பலாமா? வென்றால் மக்கள் தீர்ப்பு, தோற்றால் மாயவித்தை என்பது அரசியலில் புகுந்த மந்திரவாதம். அதே நேரத்தில், சான்று கொணர்பவனிடம், ‘முடிந்தது முடிந்ததுதான், வாயை மூடு’ என்பது அரசியலில் புகுந்த தலைவிதி. மந்திரத்தையும் ஏற்கோம், தலைவிதியையும் ஏற்கோம். ஐயப்படு, ஆராய், அதன்பின் அடங்கு. அடங்க வேண்டியது ஆளுக்கன்று, சான்றுக்கு. நம் பக்கம் வெல்லும்போதும் இதுவே நெறி. வீழும்போதும் இதுவே நெறி.

இந்நெறி ஆள்வோருக்கு எவ்வளவு கசக்கும் என்பதற்கு நாடறிந்த சான்று ஒன்று. 1971 ஆம் ஆண்டு ரேபரேலித் தொகுதியில் இந்திரா காந்தி ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட வாக்கு வேறுபாட்டில் வென்றார். தோற்ற ராஜ் நாராயண் மனுத் தந்தார். 1975 ஆம் ஆண்டு ஜூன் 12 ஆம் நாள் அலகாபாத் உயர் நீதிமன்ற நீதிபதி ஜக்மோகன்லால் சின்கா அத்தேர்தல் செல்லாது என்றார். தேர்தல் வேலையில் அரசு ஊழியரின் உதவி பெறப்பட்டது என்பது அவர் கண்ட குற்றம். இலட்சம் வாக்கு வேறுபாடு அக்குற்றத்தை மறைக்கவில்லை. பிரதமர் பதவியும் மறைக்கவில்லை. சில நாட்களில் நெருக்கடி நிலை வந்தது. ஆகஸ்டுத் திங்களில் 39 ஆம் திருத்தம் வந்தது. பிரதமர், அவைத்தலைவர் ஆகியோரின் தேர்தலை இனி நீதிமன்றம் தொடக்கூடாது. நடந்த வழக்கும் செல்லாது என்றது அது. 1770 க்கு முன்னிருந்த ஆங்கிலச் சபையின் பழைய பழக்கம், இருநூறு ஆண்டு கழித்துத் தில்லியில் மறுபிறவி எடுத்தது! நவம்பர் 7 ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அத்திருத்தத்தில் அந்தப் பகுதியை வீழ்த்தியது. ஆனால் பின்னோக்கித் திருத்தப்பட்டிருந்த தேர்தல் சட்டத்தைக் கொண்டு, இந்திரா காந்தியின் தேர்தலைச் செல்லும் என்றும் கூறியது. ஆட்டம் முடிந்தபின் விதியை மாற்றி, ஆட்டக்காரரைக் காத்தனர். மன்றம் இருந்தால் மட்டும் போதாது. அதன் அளவுகோலை வென்றவரின் கை வளைக்காமல் காக்கவும் வேண்டும் என்பதே இவ்வழக்கின் பாடம்.

இப்போது மூன்றாம் கேள்வி: எத்தனை நாளில்? முன்னே சொன்ன உடன்படிக்கையின் மறுபாதி இதுதான்.

ஒரகடத்து ஆலைகளில் தென்பாண்டிச் சீமை இளைஞர் பலர் வேலை செய்கின்றனர். வாடகை அறை இங்கே, வாக்கு அங்கே. தேர்தல் நாளில் ஊதியத்தோடு விடுமுறை தர வேண்டும் என்பது 1996 முதல் சட்டம். அந்த ஒரு நாளுக்காக இரவெல்லாம் பேருந்தில் நின்றுகொண்டே போய், வாக்களித்துவிட்டு, மறுநாள் பணிக்குத் திரும்புபவரும் உண்டு. அவர்களில் ஒருவன் நெல்லை மாவட்டத்து இராதாபுரம் தொகுதிக்காரன் என்று வைத்துக்கொள்வோம். 2016 ஆம் ஆண்டு அவன் ஊரில் என்ன நடந்தது?

அ.தி.மு.க. வேட்பாளர் இன்பதுரை 49 வாக்கில் வென்றதாக அறிவிக்கப்பட்டது. தி.மு.க. வேட்பாளர் அப்பாவு தேர்தல் மனுத் தந்தார். அஞ்சல் வாக்குகள் 203, பள்ளித் தலைமை ஆசிரியர் சான்றொப்பம் இட்டது செல்லாது என்ற காரணத்தால் தள்ளப்பட்டன என்பது வழக்கின் ஒரு கூறு. 49 வேறுபாடு, 203 தள்ளுபடி. கணக்குத் தெரிந்த எவனுக்கும் கேள்வி எழும் அல்லவா? 2019 ஆம் ஆண்டு அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம், அஞ்சல் வாக்குகளையும் 19, 20, 21 ஆம் சுற்று வாக்குகளையும் மீண்டும் எண்ணக் கட்டளையிட்டது. எண்ணினார்கள். ஆனால் முடிவை வெளியிடலாகாது என்று உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. 2021 ஆம் ஆண்டு பேரவையின் காலமே முடிந்தது. எண்ணிய எண்ணிக்கை உறைக்குள்ளே இருந்தது.

இதில் யார் வென்றிருக்க வேண்டும் என்று நாம் தீர்ப்புச் சொல்லவில்லை. சொல்வது நம் வேலையுமன்று. இன்பதுரை நேர்மையாக வென்றிருந்தால், ஐந்தாண்டும் ஐயத்தின் நிழலில் நிற்க வேண்டியவரானார். அது அவருக்கு அநீதி. அப்பாவு வென்றிருந்தால், ஐந்தாண்டும் வெளியே நின்றார். அது அவருக்கு அநீதி. இருவரில் யார் வென்றிருந்தாலும், தங்கள் பெயரால் பேரவையில் அமர்ந்திருப்பவர் தாங்கள் தேர்ந்தவர்தாமா என்று அறியாமலே இராதாபுரத்து மக்கள் ஐந்தாண்டு ஆளப்பட்டனர். அந்த அநீதிக்கு மாற்று மருந்து இல்லை.

இது ஒற்றை நிகழ்ச்சியா? 2019 ஆம் ஆண்டுத் தேனிப் பாராளுமன்றத் தேர்தலில் வென்ற இரவீந்திரநாத்தின் தேர்தல் செல்லாது எனச் சென்னை உயர் நீதிமன்றம் 2023 ஆம் ஆண்டு ஜூலையில் தீர்ப்பளித்தது. ஐந்தாண்டுப் பதவியில் நான்காண்டு கழிந்திருந்தது. ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தடை தந்தது. அடுத்த ஆண்டு அவையே கலைந்தது. பம்பாயில் 1990 ஆம் ஆண்டு நடந்த சட்டமன்றத் தேர்தலிலிருந்து எழுந்த அபிராம் சிங் வழக்கில், மதத்தைக் காட்டி வாக்குக் கேட்பதன் பொருள் என்ன என்ற கேள்விக்கு ஏழு நீதிபதிகள் விடை சொன்னது 2017 ஆம் ஆண்டு ஜனவரியில்! அந்தத் தேர்தலில் முதன்முதல் வாக்களித்த இளைஞனுக்கு அதற்குள் தலை நரைத்திருக்கும்.

சட்டம் தாமதிக்கச் சொல்லவில்லை. மனு வந்த ஆறு திங்களுக்குள் விசாரணையை முடிக்க முயல வேண்டும். இயன்றவரை நாள்தோறும் விசாரிக்க வேண்டும் என்கிறது 86 ஆம் பிரிவு. மேல்முறையீட்டை மூன்று திங்களில் முடிக்க முயல வேண்டும் என்கிறது மற்றொரு பிரிவு. ‘முயல வேண்டும்’ என்ற மென்மையான சொல்லில்தான் ஆண்டுகள் ஒளிந்துகொள்கின்றன. ஆங்கில நாட்டில் 2010 ஆம் ஆண்டு மே 6 ஆம் நாள் ஓல்டாம் தொகுதியில் பில் வூலஸ் 103 வாக்கில் வென்றார். எதிரியைப் பற்றிப் பொய் பரப்பினார் என்று கண்ட தேர்தல் மன்றம், அதே ஆண்டு நவம்பர் 5 ஆம் நாள் அவர் தேர்தல் செல்லாது என்றது. அடுத்த ஜனவரியில் மறுதேர்தலும் முடிந்தது. அங்கே ஆறு திங்களில் முடிவது இங்கே ஏன் முடியவில்லை? அறிவு குறைவா? சட்டம் குறைவா? இல்லை. நூற்றுக்கணக்கான பிற வழக்குகளுக்கு நடுவே தேர்தல் மனுவையும் ஒரு கட்டாக அடுக்கிவைக்கிறோம், அவ்வளவுதான். ஒவ்வோர் உயர் நீதிமன்றத்திலும் தேர்தல் வழக்குகளுக்கெனத் தனி அமர்வு வேண்டும் என்று சட்ட ஆணையம் 2015 ஆம் ஆண்டு தன் 255 ஆம் அறிக்கையில் பரிந்துரைத்தது. தீர்ப்பாயத்தைக் கலைத்த நாடு, தீர்ப்பாயத்தின் தனிக் கவனத்தையும் சேர்த்துக் கலைத்துவிட்டது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

வேலைநீக்கம் பெற்ற தொழிலாளிக்குப் பத்தாண்டு கழித்து ‘நீக்கியது தவறு’ என்று தீர்ப்பு வந்தால், சம்பள பாக்கியாவது கேட்கலாம். வாக்குக்குப் பாக்கி கிடையாது. கடந்துபோன சட்டமன்றத்தில் யாரும் திரும்பப் போய் உட்கார முடியாது. செய்த சட்டம் செய்ததே. போட்ட வரி போட்டதே. ஆகவே தேர்தல் வழக்கில் தாமதம் என்பது நீதியின் குறையன்று, நீதி மறுப்பு. நடுவில் நிறுத்தாதே, பின்னர்க் கேள் என்று 1952 இல் குடிமகனிடம் வாங்கிய வாக்குறுதிக்கு, பின்னர் உடனே கேட்பேன் என்பதே விலை. விலையைத் தராதவன் பொருளை வைத்துக்கொள்ளலாமா?

எனவே நாம் கேட்பது பெரிதன்று. தேர்தல் மனுவுக்கென்றே நீதிபதியை ஒதுக்குக. ஆறு திங்கள் என்பதை முயற்சியாக வைக்காமல் கட்டளையாக்குக. மேல்முறையீட்டுத் தடை ஒன்று, பேரவையின் முழுக் காலத்தையும் விழுங்கிவிடாதபடி அதற்கும் நாள் குறித்திடுக. இதனால் எந்தக் கட்சிக்கு ஆதாயம் என்று கேட்காதீர்கள். இன்று வென்றவர் நாளை தோற்பார். இன்று மனுதாரர் நாளை எதிர்மனுதாரர். நேரான கோல் எல்லோர்க்கும் பொது.

ஆள்வோரிடம் கேட்பதோடு நில்லாமல், நாம் செய்ய வேண்டியதும் உண்டு. வாக்குப்பதிவு முடிந்த மாலையில், பதிவான வாக்குகளின் கணக்கை 17சி என்ற படிவத்தில் எழுதி, அதன் படியை ஒவ்வொரு கட்சியின் முகவருக்கும் தலைமை அலுவலர் தர வேண்டும் என்பது விதி. அந்தத் தாளை வாங்காமலே தேநீர்க் கடைக்குப் போய்விடும் முகவர் எத்தனை பேர்! வாங்கியதைச் சட்டைப்பையிலேயே மறந்து சலவைக்குப் போட்டவர் எத்தனை பேர்! எண்ணும் நாளில் பொறி காட்டும் தொகையை அந்தத் தாளோடு ஒப்பிட்டால், ஒற்றை வாக்கு மிகுந்தாலும் குறைந்தாலும் தெரிந்துவிடும். ஒப்பிடாதவன் பிறகு மேடையேறி ‘மோசடி’ என்று முழங்குவதில் பொருளில்லை. 45 நாளுக்குள் மன்றத்தில் வைக்கத்தக்க சான்று, அந்த மாலையில் அந்தத் தாளில்தான் பிறக்கிறது. ஒரகடத்தில் ஒரு பாகத்தின் அளவை மில்லிமீட்டர் தவறாமல் குறித்துவைக்கும் கை, வாக்குச்சாவடியில் மட்டும் ஏன் சோர்வடைய வேண்டும்?

தோழர்களே! வாக்களிக்கும் உரிமை நம் பாட்டனுக்கு எளிதில் வரவில்லை. நிலமும் வரியும் இருந்தவனுக்கே வாக்கு என்றிருந்த காலத்தைக் கடந்து, 1952 இல்தான் உழைப்பவன் ஒவ்வொருவனும், பெண்கள் ஒவ்வொருவரும் வரிசையில் நின்றனர். அவர்கள் இட்ட வாக்கு எண்ணப்பட வேண்டும்; எண்ணியது ஐயத்துக்கு இடமானால் மீண்டும் எண்ணப்பட வேண்டும்; காலத்தில் எண்ணப்பட வேண்டும்; எண்ணியது அறிவிக்கப்பட வேண்டும். அறிவித்தபின், அது நமக்கு எதிராக இருந்தாலும், தலைநிமிர்ந்து ஏற்றுக்கொள்ளும் துணிவு நமக்கு வேண்டும். ஓலையை வாங்கிய மத்தியஸ்தனிடம் ஐந்து விரலையும் விரிக்கச் சொன்னார்கள் அன்று, சபையில் அமர்ந்த சிலர். அதையே இன்று நாட்டிடமும் கேட்போம், வரிசையில் நிற்கும் அனைவரும்.